பாடலாசிரியர்: தெரியவில்லை

ஒரு சனிக்கிழமை காலை என்னோடு வேலை செய்யும் தோழி ஒருத்தி கைப்பேசிக்கு ஒரு நிகழ்ச்சிக் கையேட்டை அனுப்பினாள். ஈப்போவில் ஓர் இசை நிகழ்ச்சி. அயர்லாந்திலிருந்து ஹார்ப் வாசிக்கும் பெண் ஒருத்தி வருகிறாள், உள்ளூர் சேர்ந்திசைக் குழு அவளோடு சேர்ந்து பாடுகிறது. "ஒனக்குப் பாட்டு புடிக்கும்லா, போலாமா?" என்று கீழே எழுதியிருந்தாள். ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே பக்கங்களைத் தள்ளிப் பார்த்தேன். ஏழாவது உருப்படியில் கை நின்றுவிட்டது.

தோட்டத்துத் தாலாட்டு. மெட்டு: பழைய ஐரிஷ் ஹார்ப் மெட்டு. பாடல்: மரபு வழி வந்தது. பாடலாசிரியர்: தெரியவில்லை.

அதன் கீழே நாலு வரி:

மணியடிச்சா போகலாம்னு மரத்தடியில் நின்னேனே
மங்குப்பால் நிறையுமுன்னே கண்ணுறங்கு கண்மணியே
காற்றடிக்கும் ரப்பர்க்காடு தாலாட்டும் உன்னைத்தானே
நெஞ்சில் ஊறும் பாலமுது நீ எழுந்தால் தருவேனே

தெரியவில்லை என்று எழுதப்பட்டிருந்த பாடலாசிரியர் அப்போது ஹாலில் உட்கார்ந்து ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. என் அம்மா.

 அம்மாவிடம் உடனே காட்டவில்லை. கோபத்தோடு பேசினால் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஏறியிருந்தது எனக்குத்தான். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர், இங்கே ஜுருபாசா என்பார்கள். முப்பது வருடங்களாக ஒருவர் சொன்னதை ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல் இன்னொரு மொழியில் சொல்வதுதான் என் பிழைப்பு. சாட்சி "தள்ளினான்" என்றால் நான் "இடித்தான்" என்று சொல்ல முடியாது. யார் சொன்னது என்பதை மாற்ற முடியாது. அப்படிப்பட்ட எனக்கு, என் அம்மாவின் வாயிலிருந்து வந்த வரிகளை யாரோ அறுத்து, சர்க்கரைப் பாகில் முக்கி, ஆள் தெரியவில்லை என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்.

அந்தப் பாட்டு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தெலுக் இந்தான் போகிற வழியில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டினாள், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. இன்று அங்கே செம்பனைதான் நிற்கிறது. எனக்கு முன்னால் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு ஏழு மாதம் ஆனபோது நடந்தது இது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டுப் போவார்கள். தகரக் கூரை, வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், நாற்பது பிள்ளைக்கு ஓர் ஆயா. ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே அவள் வெட்டிக்கொண்டிருந்த மர நிரைக்கு ஆள் வந்து சொல்லிவிட்டது. அம்மா வாளியை வைத்துவிட்டு ஓடப் பார்த்தாள். மேற்பார்வை பார்த்த மண்டோர் விடவில்லை. மணியடித்த பிறகு பாலை எடுத்து, ஸ்டோருக்குத் தூக்கிப்போய், கணக்கெழுதும் கிராணியிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார். அவள் மரத்தடியில் நின்றாள். மணி அடித்தது. மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, தோளில் காண்டாக் கம்பு போட்டுத் தூக்கிப்போய், ஸ்டோரில் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினோரு பேர். கிராணி நிறுத்தார், எழுதினார். ஆயாக்கொட்டாய்க்கு அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துத் தரையில் கிடத்தியிருந்தார்கள்.

"அன்னைக்கி எனக்கு நல்ல எடை" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். 

அதன் பிறகு அவளால் மரம் வெட்ட முடியவில்லை. கத்தியைப் பிடித்தால் கை உதறியது. தொரை பங்களாவில் துணி துவைக்க, வீடு கூட்ட ஆள் தேவைப்பட்டபோது அவளை அங்கே அனுப்பினார்கள். தொரையின் மனைவியிடம் ஒரு ஹார்ப் இருந்தது. இடுப்பளவு உயரம், மரத்தில் செய்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் நரம்புகள் அடிக்கடி அறுந்துபோகும், மரத்தில் பூசணம் பூக்கும். வாரம் இரண்டு முறை அதை எண்ணெய்த் துணியால் துடைப்பது அம்மாவின் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வெள்ளைக்காரி உட்கார்ந்து வாசிப்பாள். திரும்பத் திரும்ப ஒரே மெட்டு. வாயைத் திறந்து பாடமாட்டாள்.

ஒரு நாள் அம்மா துணி மடித்துக்கொண்டே, சந்தையில் பேசும் பாசார் மலாயில் கேட்டிருக்கிறாள், இந்தப் பாட்டுக்கு வார்த்தை இல்லையா என்று. "டுலு அடா" என்றாளாம் அவள். முன்பு இருந்தது. இப்போது தனக்குத் தெரியாது, தன் அம்மாவுக்கும் தெரியாது என்றாளாம்.

"வார்த்தை இல்லாம சும்மா கெடந்துச்சு. நான் போட்டுக்கிட்டேன்" என்பாள் அம்மா. அவ்வளவுதான் அவளுக்கு அதில் இருந்த பெருமை.

அவள் போட்டது இது:

மணியடிச்சா போகலாம்னு மரத்தடியில் நின்னேனே
மங்குப்பால் நெறையுமுன்னே ஒம்மூச்சு நின்னுருச்சே
நிறுத்துப் பாத்த கிராணியய்யா பாலைத்தானே நிறுத்தாரு
நெஞ்சுல கட்டுன பாலை நிறுக்கத் தராசு இல்லையே

தொரையும் அவர் மனைவியும் ஊருக்குப் போன பின் அம்மா வெளிக்காட்டு வேலைக்குத் திரும்பினாள். புல் வெட்டும் பெண்கள் அவளிடமிருந்து அதைக் கேட்டுப் பாடினார்கள். கல்யாணமாகி வேறு தோட்டங்களுக்குப் போனவர்கள் கூடவே கொண்டுபோனார்கள். நான் பிறந்து வளர்ந்தபோது அது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படிப்புக்காக என்னை ஈப்போவை ஒட்டிய லகாட்டில் இருந்த அத்தை வீட்டில் விட்டார்கள். ஈப்போவில் இடைநிலைப் பள்ளி. இரண்டாம் படிவத்தில் படிக்கும்போது பாட்டு வகுப்பில் ஆசிரியை பியானோவில் அதே மெட்டை வாசித்தார். ஆங்கில வார்த்தைகள் இருந்தன, யாரோ ஓர் அழகியைப் பற்றி, ரோஜாவைப் பற்றி. நான் கை தூக்கி, இதை எங்கள் அம்மா பாடுவார் என்றேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். உன் அம்மா ரேடியோவில் கேட்டிருப்பார் என்றார். அந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன்: "அது ஒங்க பாட்டு இல்லம்மா. இங்கிலீஷ் பாட்டு. இனிமே பாடாதீங்க, வெக்கமா இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். சரி என்றாள். அதற்குப் பிறகு என் முன்னால் அவள் அதைப் பாடவே இல்லை. ஆகவே, முதலில் அவளிடமிருந்து அந்தப் பாட்டைப் பறித்தது நான்தான். இதை எழுதும்போது அந்தக் கையேட்டின் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் வருகிறது. அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணை ஒரு அறை அறைய வேண்டும்போல் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் முடிந்து, கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒத்திகை நடந்த மண்டபத்துக்குப் போனேன். சேர்ந்திசைக் குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை, எழுபது வயதுக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நல்ல பெண்மணி என்று பெயர். பலருக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர். எல்லோரும் டீச்சர் என்போம்.

கைப்பேசியை நீட்டினேன். "டீச்சர், இந்தப் பாட்டு எங்க கெடைச்சது?"

"ஓ, அதுவோ. தெலுக் இந்தான்ல ரெண்டு பொம்பிளையள் பாடினவை, நான் போன்ல ரெக்கோர்ட் பண்ணினன். வடிவான பாட்டு. பிறகு பாத்தா, மெட்டு ஐரிஷ். எவ்வளவு அதிசயம் எண்டு பாருங்கோ."

"அவங்க பாடுனது இந்த வார்த்தையா?"

கொஞ்சம் தயங்கினார். "கடைசி மூண்டு வரி நான் திருத்தினன். மேடைக்கு ஏத்த மாதிரி. அந்தப் பாட்டு சரியான துக்கம், பிள்ளை. கிராணி, தராசு எண்டெல்லாம் வருது. வந்திருக்கிற ஆக்களுக்கு அது விளங்காது."

"எழுதினவங்க யாருன்னு கேட்டீங்களா?"

"தோட்டத்துப் பாட்டை ஆர் எழுதினது எண்டு ஆருக்குத் தெரியும்? அது சனங்கள்ட பாட்டு."

"சனங்களுக்கு வாய் இல்ல டீச்சர். ஒரு ஆளுக்குத்தான் வாய் இருக்கும். இது எங்கம்மா போட்டது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் என்னைக் கொளுத்தியது. ஒவ்வொரு நாளும் எந்த நீதிமன்றத்தில் நிற்கிறேனோ, அங்கே நூறு முறை மொழிபெயர்த்திருக்கிறேன் அந்தக் கேள்வியை. எழுதத் தெரியாதவர்களிடம் எழுத்தில் கேட்கிற கேள்வி. குரல் உயர்ந்துவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

ஹார்ப் வாசிக்கும் பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும், கட்டைமுடி, வியர்த்துக் கொட்டியிருந்தது. என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் சொன்னேன். தொழில் பழக்கம், டீச்சர் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். பிறகு அம்மாவின் நாலு வரிகளையும் மொழிபெயர்த்தேன். பால் என்றால் எங்களுக்கு மரத்தில் வடிவதும் அதுதான், மார்பில் சுரப்பதும் அதுதான் என்று விளக்கினேன். அவள் நெற்றியைத் துடைத்தபடி நின்றாள். உட்காரலாமா என்று கேட்டு, மேடைப் படியில் உட்கார்ந்தாள்.

அங்கே வைத்துத்தான் அந்த மெட்டின் கதையை நான் கேட்டேன். இருநூறு வருடங்களுக்கும் முன்னால் அவள் நாட்டில் ஹார்ப் வாசிக்கிற கிழவர்களை ஒரு மண்டபத்துக்கு அழைத்திருக்கிறார்கள். பாதிப்பேர் கண் தெரியாதவர்கள். பித்தளைக் கம்பி, வளர்த்த நகம், அதுதான் அவர்கள் வாசிப்பு. மெட்டுகள் அழிந்துவிடும் என்று பயந்து, அவற்றை எழுதிவைக்க ஓர் இளைஞனை வைத்தார்கள். அவன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன். அவர்கள் பேசிய மொழி அவனுக்குத் தெரியாது. அதனால் மெட்டை மட்டும் எழுதினான். வீட்டுக்குப் போய்ப் பியானோவுக்கு ஏற்றபடி மாற்றிப் புத்தகமாகப் போட்டான். பிறகு வார்த்தைகளைச் சேகரிக்க இன்னொரு ஆளை அனுப்பினார்கள். அந்த மனிதர் ஊர் ஊராக நடந்து, குடிசை குடிசையாக உட்கார்ந்து, பாட்டுகளை எழுதிக்கொண்டு வந்தார். அவை புத்தகத்தில் ஏறவில்லை. நூறு வருடத்துக்குமேல் பெட்டியில் கிடந்தன. அதற்குள் வேறு ஆட்கள் அந்த மெட்டுகளுக்குக் கனவான்கள் வீட்டுக் கூடத்தில் பாடுவதற்கேற்ற ஆங்கில வார்த்தைகளைப் போட்டுவிட்டார்கள். நான் பள்ளியில் கேட்ட ரோஜா அப்படி வந்ததுதான்.

"இந்த மெட்டுக்கு?" என்றேன்.

இதற்குப் பெட்டியிலும் பாட்டு இல்லை, தலைப்பு மட்டும் இருக்கிறது என்றாள். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருக்கிறார்கள். கடைசி எழுத்தில் மை கலைந்துவிட்டது. ஒரு எழுத்தாகப் படித்தால் படகு, இன்னோர் எழுத்தாகப் படித்தால் சாவு.

"நீங்க எப்படிப் படிக்கிறீங்க?"

"படகு" என்றாள். கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். அவளுடைய இசைத்தட்டு அட்டையிலும் படகுதானாம். அதன் கீழே மரபு வழி என்று போட்டிருக்கிறாளாம். "எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம்."

அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அந்த ஆர்கன் வாசிப்பவன் மேல், செத்து இத்தனை காலமான ஒரு மனிதன் மேல், ஈப்போவில் ஒரு மண்டபத்துப் படியில் நின்றுகொண்டு பல்லைக் கடித்தேன். எதிரே ஒருவர் உட்கார்ந்து பாடும்போது, இதற்கு அர்த்தம் என்ன ஐயா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அவனோடு ஒரு ஜுருபாசா இருந்திருந்தால் போதும்.

டீச்சர் ஒரு முடிவு சொன்னார். உங்கள் அம்மாவை அழைத்து வாருங்கள், பார்க்கலாம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அச்சடித்த வரிகளை மெதுவாகப் படித்துக் காட்டினேன். முதல் வரிக்குத் தலையாட்டினாள். இரண்டாவது வரியில் ஆட்டுவதை நிறுத்தினாள். நான்காவது வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

"நீ எழுந்தால் தருவேனே."

"செத்த புள்ளயத் தூங்க வைக்கிறாளா அவ?" என்றாள் அம்மா.

குரல் உயரவில்லை. எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "எப்ப போவணும்?" என்றாள்.

வியாழக்கிழமை அழைத்துப் போனேன். வெளுத்த நீலப் புடவை, கையில் தடி. டீச்சர் நாற்காலி போட்டார். அம்மா உட்காராமல் நின்றபடியே கேட்டாள்: "ஏம்மா, கிராணிய ஏன் எடுத்தீங்க?"

டீச்சரின் முகம் சிவந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. "என்ட அப்பா கிராணி, அம்மா. அவர் அப்பிடியான ஆள் இல்லை. ஒரு பிள்ளை சாகக் கிடக்கேக்க பாலை நிறுத்துக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. அவரை இப்பிடி மேடையில வச்சு..."

அம்மா அவரை வியப்போடு பார்த்தாள். "ஒங்கப்பாவ யாரு சொன்னா? எங்க கிராணி மலையாளத்தாரு. அவரும் கெட்டவரு இல்லம்மா. வரிசையில நின்னாங்க, நிறுத்தாரு. அதத்தான் சொன்னேன்."

அரை நூற்றாண்டாக யாரும் குற்றம் சாட்டாத ஒரு மனிதரைக் காப்பாற்ற, டீச்சர் என் அம்மாவின் பிள்ளையைப் பாட்டிலிருந்து எடுத்திருக்கிறார். எனக்குச் சிரிக்கத் தோன்றியது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டேன்.

"எம் பேரெல்லாம் வேணாம்" என்றாள் அம்மா. "எம் பாட்ட அப்படியே பாடுங்க. இல்லாட்டி விட்ருங்க."

டீச்சர் யோசிப்பதாகச் சொன்னார். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் செய்தி அனுப்பினார். வார்த்தைகளில் சர்ச்சை இருப்பதால் ஏழாவது உருப்படி ஹார்ப்பில் மட்டும் வாசிக்கப்படும்.

அதைப் படித்துவிட்டுச் சமையலறை மேசையில் கையால் ஓங்கி அடித்தேன். மூன்று நாள் விரல் வீங்கியிருந்தது. மறுபடியும் மெட்டு மட்டும். பிரச்சினை வந்தால் முதலில் வெளியே தள்ளப்படுவது வார்த்தைதான், அங்கேயும் இங்கேயும். நரம்பு அதிர்ந்தால் எல்லோரும் கண்ணை மூடிக் கேட்பார்கள். வாய் திறந்தால்தான் சங்கடம்.

அம்மா பேர் வேண்டாம் என்றதை நான் மதிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அன்று மத்தியானம் கடையில் நூற்றைம்பது தாள் அச்சடித்தேன். அம்மாவின் நாலு வரி, கீழே அவளுடைய முழுப் பெயர், தோட்டத்தின் பெயர், ஏழு மாதம் என்ற இரண்டு சொல். மாலையில் மண்டப வாசலில் நின்று, வருகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் விளம்பரம் என்று நினைத்து வாங்கவில்லை. டீச்சர் உள்ளேயிருந்து வந்து, "இது சரியில்லை, தங்கச்சி" என்றார். "நீங்க உள்ள போங்க டீச்சர், நேரமாச்சு" என்றேன். நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

ஏழாவது உருப்படி வந்தபோது அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த ஐரிஷ்காரி வாசிக்குமுன் ஒலிவாங்கியில் ஒன்று சொன்னாள். இந்த மெட்டுக்கு வார்த்தை உண்டு, உங்கள் கையில் இருக்கிறது, தயவுசெய்து நான் வாசிக்கும்போது படியுங்கள் என்றாள். தாள்கள் சரசரத்தன. மெதுவாக வாசித்தாள். அம்மா படிக்கவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் எங்களை நிறுத்தினாள். அறுபதைத் தாண்டியவள். தெலுக் இந்தான் மார்க்கெட்டில் கீரை விற்பவள். டீச்சருக்குப் பாடிக்காட்டிய இருவரில் ஒருத்தி, அழைப்பு வந்ததால் பஸ் ஏறி வந்திருக்கிறாள். தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அக்கா, இது எங்கம்மா பாட்டு. நீங்க யாரு பேரையோ போட்டுருக்கீங்க."

எனக்குள் எல்லாம் மறுபடி கொதித்தது. சண்டைக்கு வாயைத் திறந்தேன். அம்மா தடியால் என் காலைத் தட்டினாள்.

"ஒங்கம்மா எப்படிப் பாடுவாங்க, பாடு" என்றாள் அவளிடம்.

அந்தப் பெண் கூச்சப்படாமல், கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே பாடினாள். முதல் வரி அம்மாவுடையது. அடுத்த மூன்று வரிகள் வேறு. மழையில் ஒழுகிய கூரை வந்தது, காய்ந்துபோன தொட்டில் சேலை வந்தது, ஆஸ்பத்திரிக்கு லோரி வராத பொழுது வந்தது. நான் ஒருபோதும் கேட்டிராத வரிகள். டீச்சர் கையேட்டுக்கு எடுத்துக்கொண்டது மற்றவள் பாடியதை.

அம்மா முழுதும் கேட்டாள். பிறகு கேட்டாள்: "எந்தத் தோட்டம்?"

சொன்னாள். எங்கள் தோட்டம் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

"எத்தனாவது புள்ள?"

"ரெண்டாவது. எனக்கு நேர் மூத்த அக்கா. பதினோரு மாசத்துல போயிருச்சு."

அம்மா தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அப்ப ஒங்கம்மா பாட்டுத்தான்" என்றாள். "எனக்கு நாலு வரி. அவங்களுக்கு மூணு வரி."

இத்தனை நாளும் நான் ஒரு பெயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டு ஏன் தோட்டத்துக்குத் தோட்டம் போனது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. மெட்டு அழகாக இருந்ததால் என்று நினைத்திருந்தேன். போன இடத்திலெல்லாம், பிள்ளையைப் பறிகொடுத்து அதைப் போட்டுக்கொள்ள ஒருத்தி இருந்திருக்கிறாள். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கார் நிறுத்துமிடத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு இதுவரை நான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். மண்டோர் இல்லை, கிராணி இல்லை, தொரையின் மனைவி இல்லை. அந்தத் தோட்டங்களை வைத்திருந்தவர்களை அம்மாவோ அந்தப் பெண்ணின் அம்மாவோ கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்து டீச்சர் வீட்டுக்கு வந்தார். சொல்லிவிட்டு வரவில்லை. நான் கதவைத் திறந்தேன், உட்காருங்கள் என்றேன். தேநீர் போடவில்லை. அம்மா என்னை முறைத்துவிட்டுத் தானே எழுந்து போய்ப் போட்டாள்.

டீச்சர் பையிலிருந்து கோடு போட்ட நோட்டை எடுத்தார். "அடுத்த முறை முழுசாப் பாடப் போறம். சொல்லுங்கோ, எழுதுறன்."

அம்மா சொன்னாள். டீச்சர் எழுதினார். "நெறையுமுன்னே" என்பதை "நிறையும் முன்னே" என்று திருத்தி எழுதினார். நான் எட்டிப் பார்த்து, அம்மா சொன்னபடியே எழுதுங்கள் என்றேன். அடித்துவிட்டு எழுதினார். மேலே அம்மாவின் பெயரை எழுதியபோது, இந்த முறை அம்மா தடுக்கவில்லை. கீரைக்காரப் பெண்ணின் அம்மா பெயரையும் பக்கத்தில் போடச் சொன்னாள். அது எங்களுக்குத் தெரியாது. அங்கேயே போன் செய்து கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதவைத்தோம்.

"பாடுங்க, கேப்போம்" என்றாள் அம்மா.

டீச்சர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாடினார். பயிற்சி பெற்ற குரல், வயதானாலும் சுத்தமாக இருந்தது. மூன்றாவது வரி வந்ததும் குரல் தணிந்துவிட்டது. கிராணியய்யா என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றது.

"கொரல் நல்லா இருக்கு" என்றாள் அம்மா. "அந்த எடத்த மட்டும் இன்னொரு வாட்டி. சத்தமா."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. அவர் நோட்டை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். அந்த வரியை மறுபடி பாடினார்.